பாரவளை

எஸ்தரின் கையில் பாரவளை எப்போதும் சிவந்தே இருந்தது. தெருவில் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. முதியோர் பராமரிப்பு வாரியத்தின் ஆளில்லா விமானமான பருந்து மருந்துகளைச் சுமந்துகொண்டு மொட்டைமாடியில் வந்து இறங்கினால் முதல் பொட்டலம் அவளுக்கு. தண்ணீர் வண்டி வந்தால் அவள் குடத்துக்கு வழிவிடுவார்கள். சிவந்த கைக்காரி என்றால் வீட்டில் அவ்வளவு பாரம் என்று அர்த்தம். அதை எதிர்த்து யாரும் வாய் திறக்க முடியாது.

சுகன்யாவின் வளை பச்சையாக இருந்தது. வாரியத்து ஆட்கள் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து ஒருமுறைகூட அது நிறம் மாறியதில்லை.

“யக்கா, இன்னுமா பச்சை?” என்றாள் எஸ்தர், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. “சக்களத்திக்குப் பீ மூத்திரம் அள்ளுறவளுக்கே சிவக்கலைன்னா அந்த மெசின்லதான் கோளாறு. கழட்டித் தட்டிப் பாக்கச் சொல்லு.”

“நீ ஒருத்தி. நமக்குக் கழட்ட வருமாக்கும்.”

“எங்க மாமியாகிட்ட ஒரு நாள் இருந்து பாரு. அந்த மூஞ்சியப் பாத்தாலே ஒனக்குத் தக்காளி மாதிரி சிவந்துரும். அதுலயும் வளையப் பாக்க வாரியத்து மேடம் வர்ற அன்னிக்கின்னா கெழவிக்கு எங்கருந்துதான் தெம்பு வருமோ, சோத்துத் தட்டத் தூக்கி எறிவா. மத்த நாள்லகூடக் கொஞ்சம் சும்மா கெடப்பா.”

சுகன்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. உள்ளே கட்டிலில் கிடக்கும் தமயந்திக்கு எழுபத்தொன்பது. தமயந்தி, செத்துப்போன ராஜமாணிக்கத்தின் மூத்த மனைவி. சுகன்யா இரண்டாம் தாரம். பிள்ளை இல்லையென்று கட்டிவந்தவளுக்கும் பிள்ளை நிலைக்கவில்லை. போன ஆண்டு பக்கவாதம் வந்து தமயந்திக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் அதோடு போனது. எப்போதாவது ஒரு சொல், ரொம்ப முக்கினால் இரண்டு. அவ்வளவுதான்.

அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் நிலைமை. இளசுகள் எல்லாம் பனி பெய்யும் ஊர்களில் இருந்தார்கள். திரையில் முகம் வரும், பணம் வரும். தூக்கி உட்கார வைக்கக் கை வராது. அறுபது வயதுக்காரர்கள் எண்பது வயதுக்காரர்களைத் தூக்கினார்கள். தூக்கியவர் ஒருநாள் விழுந்தால், கதவை உடைத்துத் திறக்கும்போது இரண்டு பேருமாகக் கிடந்தார்கள். பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன தொடக்கப்பள்ளியில்தான் வாரியத்தின் தாங்கிகள் நின்று மின்னேற்றிக்கொண்டிருந்தன. தாங்கி என்பது ஆளுயர இயந்திரம். பஞ்சுபோன்ற இரண்டு கைகளால் நோயாளியை நோகாமல் தூக்கும், திருப்பிப் படுக்க வைக்கும், குளிப்பாட்டும், ஊட்டும். இருந்த வீடுகளோ ஆயிரக்கணக்கு. தாங்கிகள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அடங்கிவிடும்.

யாருக்குக் கொடுப்பது? முதலில் வாரியத்து ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். “கஷ்டமா இருக்காம்மா?” என்று கேட்டால், “எனக்கென்ன கஷ்டம், எங்கம்மாதானே” என்பார்கள் செத்துக்கொண்டிருக்கிறவர்கள். வாய் உள்ளவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதனால்தான் வாயைக் கேட்காமல் உடம்பைக் கேட்கும் பாரவளை வந்தது. நோயாளியைத் தொடும்போதும், அவர் குரலைக் கேட்கும்போதும் பார்த்துக்கொள்பவரின் ரத்தத்தில் என்ன சுரக்கிறது, நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். வேலை செய்த களைப்பையும் மனிதரால் வரும் பாரத்தையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியும். வாரியத்துப் பார்வையாளர் வரும் நேரத்தில் சிலர் மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தார்கள். ஒருவர் பச்சை மிளகாயை மென்று பார்த்தார். வளை ஏமாறவில்லை. சிவந்தால் தாங்கி வரும். மஞ்சளுக்கு இறங்கினால் மூன்று நாள் பார்த்துவிட்டு, அது வேறு வீட்டுக்குப் போய்விடும். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். சுகன்யாவும் அப்படித்தான் சொன்னாள்.

அந்த மாதம் பார்வைக்கு வந்த அஃப்ரின், சின்னப் பெண். செருப்பை வாசலில் விட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளையின் மேல் தன் விரற்கருவியை வைத்துப் படித்தாள்.

“உங்க முதுகுல வட்டு ரெண்டு நகந்திருக்கும்மா. இவங்களத் தூக்கும்போதெல்லாம் வலி உச்சிக்குப் போகுது. எனக்குத் தெரியுது.”

“அப்ப ஒரு தாங்கி குடுங்களேன். எனக்காக இல்ல. இவுகளுக்கு முதுகுல புண்ணு வந்துருச்சு. ரெண்டு மணிக்கொருக்க திருப்பிப் போடணும்ங்கிறாங்க. என்னால ஆக மாட்டேங்குது.”

“வலி ஏறுது. பாரம் ஏறலையே.” அஃப்ரின் தயங்கினாள். “சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்க இவங்களத் தொட்டா பாரம் எறங்குது. இங்க பாருங்க, தல சீவி விட்டிருக்கீங்க, காலைல. அப்பத்தான் நாளிலேயே ரொம்பக் கீழ போயிருக்கு.”

“அது தப்பாம்மா?”

“தப்பில்ல. ஆனா செவந்தவங்க வரிசையே முடியல. பச்சைக்கு நான் எப்படிக் குடுக்கிறது? என் கையில இல்லம்மா.” அவள் எழுந்துகொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. கட்டிலில் கிடப்பவருக்கு ஒன்றும் புரியாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பழைய கோவம் ஏதாவது இருக்கும்ல? யோசிச்சுப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

எஸ்தரும் இதையேதான் சொன்னாள், கட்டிலின் காலடியிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு. “கோவத்துக்கா பஞ்சம்? வந்த புதுசுல இவுக ஒன்னைப் படுத்துனது இந்தத் தெருவுக்கே தெரியும். ஒனக்குத் தனித் தம்ளரு வச்சிருந்தாகளாம்ல. ஒக்காந்து ஒவ்வொண்ணா நெனச்சுப் பாரு.”

சுகன்யா உட்கார்ந்து நினைத்துப் பார்த்தாள். தமயந்தியின் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே தனித் தம்ளரை நினைத்தாள். அடியில் நெளிந்த அலுமினியத் தம்ளர். அதை ஒருநாள் தமயந்தியே கிணற்றில் வீசிவிட்டு, வாளியோடு சேர்த்துத் தவறவிட்டதாகப் புருஷனிடம் புளுகியது உடனே நினைவுக்கு வந்துவிட்டது. சிரிப்பு வந்தது. வளை பச்சை. சமையலறைக்குப் பூட்டுப் போட்டதை நினைத்தாள். அந்தச் சாவி இப்போது தன் முந்தானை முடிச்சில் தொங்குவதும் கூடவே நினைவுக்கு வந்தது. பச்சை.

கடைசியில், தொடக்கூடாது என்று வைத்திருந்ததையும் தொட்டாள்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம். வயிற்றில் எட்டு மாதம். புருஷன் வெளியூரில் இருந்தார். கொட்டுகிற மழையில் பின்கட்டில் வழுக்கி விழுந்தாள். கைபேசி தமயந்தியின் அறையில் இருந்தது. தமயந்தி ஓடிவந்து பார்த்தாள், போனாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “சிக்னலே இல்லடி. மழையில மாடிக்குப் போய் நின்னு கத்துனேன். கெடைக்கலையே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் தமயந்தி. பெண் குழந்தை. அதன்பின் பால் கட்டிக்கொண்டு சுகன்யா காய்ச்சலில் துடித்தபோது, மல்லிகைப் பூவை வாங்கிவந்து, நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டு, வாடியதும் எடுத்து, மறுபடி புதுப்பூ வைத்துக் கட்டியதும் அதே கைகள்தான். பால் வற்றும்வரை தமயந்தி அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அன்று அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டவள்தான் சுகன்யா. அதற்கு முன்னால் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

குழந்தையை நினைக்கத்தான் உட்கார்ந்தாள். உடம்பு மல்லிகைக்குப் போய்விட்டது. வளை முன்னைவிடப் பச்சையாக மின்னியது.

“சனியனே” என்று வளையைத் திட்டினாள். கட்டிலில் இருந்து தமயந்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் இருவரும் விழுந்தார்கள். கழிவறை நாற்காலியில் உட்கார வைக்கத் தூக்கியபோது சுகன்யாவின் இடுப்பில் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது. தமயந்தி மேலே, அவள் கீழே. எழ முடியவில்லை. உடைந்த சத்தம் யாருடைய எலும்பு என்று தெரியாமல், “அக்கா, ஒனக்கு வலிக்குதா, ஒனக்கு வலிக்குதா” என்றே கேட்டுக்கொண்டு கிடந்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போன பிறகுதான் எஸ்தர் வந்தாள். எஸ்தர் வீட்டுத் தாங்கி வந்து இருவரையும் தூக்கியது. எலும்பு ஏதும் உடையவில்லை, நாற்காலிக் கால்தான் உடைந்திருந்தது. தமயந்தியின் முதுகுப் புண் மட்டும் சிமெண்டுத் தரையில் உரசித் தோல் விலகிப்போயிருந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

மருத்துவர் திரையில் பார்த்துவிட்டு, “இப்படியே விட்டா எலும்புவரைக்கும் போயிரும். அப்புறம் ரத்தத்துல கலக்கும். அதுக்கு மேல நாள் சொல்ல முடியாது” என்றார். 

வாரியத்திடம் மறுபடி கேட்டார்கள். விழுந்து கிடந்த அத்தனை நேரமும் வளை பச்சையாகவே இருந்திருக்கிறது என்று பதில் வந்தது.

அன்று சுகன்யா அழுதாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே, கிண்ணத்துக்குள் விழாதபடி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டே அழுதாள். “நான் என்னக்கா செய்ய? ஒம்மேல வெறுப்பு வந்தாத்தான் ஒன்னைக் காப்பாத்துவாங்களாம். எனக்கு வர மாட்டேங்குதே. நான் எங்க போய் வாங்கிட்டு வர?”

தமயந்தி இடக்கையால் கஞ்சிக் கரண்டியைத் தள்ளினாள்.

“ரெண்டு வாய் குடிக்கா.”

மறுபடி தள்ளினாள். வாய் கோணிக்கொண்டு அசைந்தது. ஏதோ சொல்லப் பார்க்கிறாள் என்று புரிந்து சுகன்யா கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்தாள்.

“சிக்... னல்” என்றாள் தமயந்தி.

“என்னக்கா?”

“அன்னிக்கி.” மூச்சு வாங்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. “மழ. சிக்னல்... இருந்துச்சு.”

சுகன்யாவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த மழை, எந்த சிக்னல் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்குமுன் விளங்கிவிட்டது.

“நாந்தான்.” தமயந்தி இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “போன்... பண்ணல. வேணும்னு.”

அந்த ஒரு வருடத்தில் அவள் சேர்த்தாற்போல் இவ்வளவு சொற்கள் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மணிக்கட்டில் சூடு ஏறுவதுபோல் இருந்தது. சுகன்யா குனிந்து பார்த்தாள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவந்து, ரத்தம் கட்டியதுபோல் வளை முழுக்க ஒரே சிவப்பு.

மாலைக்குள் தாங்கி வந்துவிட்டது. உடன் வந்த அஃப்ரின் விரற்கருவியை வைத்துப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் சுகன்யாவின் தோளைத் தட்டினாள். “எப்படியோ வந்துருச்சுல்ல. இனிமே பயமில்ல.”

தாங்கி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது. இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைத்தது. புண்ணைக் கழுவி மருந்து வைத்தது. “வணக்கம் அம்மா. தங்களை இடப்புறமாகத் திருப்புகிறேன். வலித்தால் கண்ணை இமைக்கவும்” என்று செய்தி வாசிப்பதுபோல் பேசியது. சுகன்யா அந்த அறைக்குள் போகவில்லை. முன்னறையில் பாயை விரித்துப் படுத்தே கிடந்தாள். முதுகு மெல்ல மெல்ல இளகியது. ஆனால் கண்ணை மூடினால் மழைச் சத்தம் கேட்டது. பின்கட்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறியது. மாடிப்படியில் யாரும் ஏறவில்லை. தமயந்தி தன் அறையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, இவள் கத்துவதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். சில நாள் அந்தத் தமயந்தி தலை சீவிக்கொண்டிருந்தாள். சில நாள் சிரித்தாள். மல்லிகை நினைவுக்கு வந்தால் புரண்டு படுத்தாள். குற்றம் செய்த கைதான் பூ கட்டியதா? அதற்குத்தான் ‘அக்கா’ என்று கூப்பிட்டோமா?

தண்ணீர் வண்டியில் இப்போது அவள் குடத்துக்கும் வழிவிட்டார்கள். “பாத்தியா, நான் சொன்னேன்ல?” என்றாள் எஸ்தர். “எதை நெனச்ச?” 

சுகன்யா குடத்தைத் தூக்கிக்கொண்டாள். எஸ்தர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை.

மாதங்கள் போயின. புண்ணில் புதுத்தோல் படர்ந்துவிட்டதாகவும், இன்னும் சில மாதம் தொடர்ந்து திருப்பினால்தான் அது நிலைக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். சுகன்யா இதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் காலை உள்ளே துப்பும் சத்தம் கேட்டது. “அம்மா, இது வாரியம் புதிதாக வகுத்த சத்துக் கஞ்சி. தயவுசெய்து விழுங்கவும்” என்றது தாங்கி. மறுபடியும் துப்பல். மறுபடியும் “தயவுசெய்து”. சுகன்யாவுக்குத் தெரியும்: உப்பில்லாக் கஞ்சி. சாகும்வரை தமயந்தி அதை விழுங்க மாட்டாள். காதைப் பொத்திக்கொண்டு படுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள், ஜாடியிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காயைக் கிள்ளி எடுத்தாள், உள்ளே போனாள், முகத்தைப் பார்க்காமல் தமயந்தியின் நாக்கில் வைத்தாள்.

தமயந்தி அதைச் சப்பினாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பாதி வாய் இளித்தது. தாங்கி, “அம்மாவின் முகபாவத்தை என்னால் வகைப்படுத்த முடியவில்லை” என்றது. 

சுகன்யா களுக்கென்று சிரித்துவிட்டாள். தன்னை மறந்து தமயந்தியின் கன்னத்தில் ஒழுகியிருந்த கஞ்சியைக் கட்டைவிரலால் வழித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு விரல் அந்தக் கன்னத்தைத் தொட்டது.

தாங்கி ஒரு மணியோசை எழுப்பியது. “மகிழ்ச்சியான செய்தி. தங்கள் பாரம் மஞ்சளுக்கு இறங்கியுள்ளது. இந்நிலை நீடித்தால் மூன்று நாளில் விடைபெறுகிறேன். தங்களுக்குச் சேவை செய்ததில்...”

சுகன்யா வளையைப் பார்த்தாள். மஞ்சள்தான். அது இன்னும் வெளுத்துக்கொண்டிருந்தது.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்டுவிட்டால் மழை நின்றுவிடும் என்று தோன்றியது.

“அக்கா” என்றாள். அந்தச் சொல் வெளியே வரவே சிரமப்பட்டது. “உண்மையச் சொல்லு. அன்னிக்கி நெசமாவே சிக்னல் இருந்துச்சா? இல்ல, நான் அழுதேன்னு நீயா...”

தமயந்தியின் கண்கள் சுகன்யாவின் முகத்துக்கு வரவில்லை. கீழே, மணிக்கட்டுக்குப் போயின. மஞ்சளைப் பார்த்தன. கதவருகே கைகளை மடக்கிக்கொண்டு நிற்கும் தாங்கியைப் பார்த்தன. மறுபடி மணிக்கட்டுக்கு வந்தன.

பிறகுதான் அவள் தலையாட்டினாள். ஆமாம் என்று. ஒருமுறை ஆட்டியது போதாது என்பதுபோல் இன்னொரு முறையும் அழுத்தி ஆட்டினாள்.

சுகன்யா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

முதலில் வளையைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லும் பதிலை எப்படி நம்புவது? இல்லை, உண்மையைத்தான் சொன்னாளோ? தன் முகத்தைப் பார்க்கக் கூசித்தான் கண்ணைத் தாழ்த்தினாளோ? இந்த வளை கையில் இருக்கும்வரை இருவரில் யார் என்ன சொன்னாலும் அது வளைக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். வளையைக் கழற்றச் சொல்லலாம். கழற்றினால் தாங்கி போய்விடும். புண் மறுபடி திறக்கும். நிஜம் தெரிந்துகொள்ள அதுதான் விலை. அந்த விலையைத் தமயந்தியின் முதுகுதான் கொடுக்க வேண்டும்.

வளையில் மஞ்சள் ஓரத்தில் பச்சை தட்டத் தொடங்கியது.

சுகன்யா கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடினாள். பின்கட்டுத் தரையை வரவழைத்தாள். மழையைக் கூப்பிட்டாள். தமயந்தியை அவள் அறையில் உட்கார வைத்தாள், மடியில் கைபேசியை வைத்தாள், கையில் சீப்பைக் கொடுத்தாள். அது போதவில்லை. சிரிக்க வைத்தாள். தன் குழந்தைக்கு முகம் கொடுத்தாள். அதன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அந்தக் குழந்தையை அழ வைத்தாள். நிறுத்தாமல் அழ வைத்தாள்.

மணிக்கட்டில் சூடு ஏறியது.

“வருந்துகிறேன்” என்றது தாங்கி. “தங்கள் பாரம் மீண்டும் உயர்ந்துள்ளது. சேவை தொடரும்.” மடக்கிய கைகளை விரித்துக்கொண்டு அது கட்டிலை நோக்கி நகர்ந்தது. “வணக்கம் அம்மா. தங்களை வலப்புறமாகத் திருப்புகிறேன்.”

முதுகுக்குப் பின்னால் தமயந்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பயந்துகொண்டே இருந்த ஒருத்தி, பயம் தீர்ந்ததும் விடுகிற மூச்சு. சுகன்யாவுக்கு அந்த மூச்சைத் தெரியும். திரும்பினால் அந்த முகத்தையும் பார்க்க வேண்டிவரும்.

அவள் திரும்பாமலே கதவைக் கடந்து முன்னறைக்குப் போனாள். நாளைக் காலையிலும் மழை வேண்டும்.